முட்டை வண்டியின் பின்னச்சுக்குக் காற்று சஸ்பென்ஷன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு தாய்க்கோழிப் பண்ணையில், கொட்டகைகளிலிருந்து பொரிப்பகத்துக்கு முட்டைகளைக் கொண்டுசெல்லும் சிறிய டீசல் பிக்கப் வண்டியின் பின் சஸ்பென்ஷனை (சக்கர அதிர்வை வண்டிக்கு விடாமல் தாங்கும் அமைப்பை) முழுவதுமாக மாற்றி அமைத்தோம். அந்த வேலையின் பதிவு இது. வடிவமைப்புக்கு நான் பொறுப்பு. கட்டுமானம் அருகில் உள்ள ஒரு பட்டறையில் நடந்தது. பண்ணையின் பெயரும் பட்டறையின் பெயரும் இங்கே தேவையில்லை.

கொட்டகைகள், பொரிப்பகம், இடைப்பட்ட சுமார் 4 கிலோமீட்டர் மண் பாதை ஆகிய யாவும் ஒரே வேலிக்குள் அடங்கியவை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. எனவே பொதுச் சாலைக்கு இனி இந்த வண்டி போகாது, பதிவு ரத்து செய்யப்படும் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கினோம். சாலையில் ஓடும் வண்டிக்கு இந்தப் பதிவைப் பார்த்து யாரும் வேலை செய்யக் கூடாது என்பதற்கு, பிரேக் பற்றிய பகுதியில் சட்டத்தைவிட அழுத்தமான காரணம் ஒன்று வரும்.

கவனித்தவை

பொரிப்பகத்தில் முட்டைகளை விளக்கொளியில் பார்க்கும்போது மயிரிழை விரிசல்கள் அதிகம் தெரிகின்றன என்பதே புகார். பாதை சரியில்லை என்று பண்ணை மேலாளரும், ஓட்டுநர் வேகமாகப் போகிறார் என்று பொரிப்பகத்தாரும் சொன்னார்கள். இரண்டும் ஓரளவு உண்மைதான். ஆனால், எந்தக் கொட்டகைத் தட்டில் எத்தனை விரிசல் என்று ஒரு வாரம் தனித்தனியே குறிக்கச் சொன்னபோது வேறொன்று புலப்பட்டது. வண்டி முதலில் நிற்கும் கொட்டகையின் முட்டைகளே அதிகம் அடிபட்டிருந்தன. பொரிப்பகத்துக்கு அருகில், கடைசியாக ஏற்றிய கொட்டகையின் முட்டைகள் ஏறக்குறைய நன்றாக இருந்தன. கூடுதல் தூரம் போவதால் கூடுதல் விரிசல் என்று இதை விளக்கலாம் என்பதால், முதல் கொட்டகையின் தட்டுகளை ஒரு நாள் கடைசியாக ஏற்றி, முழுப் பாரத்தோடு அதே முழுத் தூரத்தையும் ஓட்டிப் பார்த்தோம். விரிசல் வெகுவாகக் குறைந்தது. ஆக, காரணம் தூரமன்று. வண்டி பாரமின்றி ஓடும் நேரம்.

கணக்கும் அதையே சொன்னது. பின்புற லீஃப் ஸ்பிரிங்கை (அடுக்கிய எஃகுப் பட்டைகளாலான ஸ்பிரிங்கை) ஒரு மில்லிமீட்டர் அழுத்த ஒரு பக்கத்துக்குச் சுமார் 60 நியூட்டன், அதாவது 6 கிலோ எடை, தேவைப்பட்டது. பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை காலி வண்டியில் ஏறக்குறைய 500 கிலோ, முழுப் பாரத்தில் 1300 கிலோ. இதன்படி வண்டியின் பின்புறம் முழுப் பாரத்தில் விநாடிக்கு 1.5 முறை மெல்ல அசையும். காலியாக இருக்கையில் 2.5 முறை துள்ளும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் பிடிப்பு வேறு இருப்பதால், சிறு குழிகளில் ஸ்பிரிங் அசையவே மறுத்து அச்சின் அதிர்வை அப்படியே மேலே அனுப்பியது. முதலில் ஏற்றிய சில தட்டுகள், பாதி வழிவரை கிட்டத்தட்ட ஸ்பிரிங்கே இல்லாத வண்டியில் பயணம் செய்தன.

ஆராய்ந்த வழிகள்

பட்டைகளில் இரண்டைக் கழற்றிவிடுவதே மலிவான வழி. ஆனால் முழுப் பாரத்தில் அச்சு ரப்பர் தடுப்பில் இடிக்கும் என்பதால் அதைக் கைவிட்டோம். இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கோடு துணைக்கு ஏர் பெல்லோ (காற்றடைத்த ரப்பர் உறை) வைக்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். அது பாரம் தாங்க உதவும். காலி வண்டியின் கடினத்தைக் குறைக்காது. பாரத்துக்கு ஏற்பக் காற்றழுத்தம் மாறினால் ஸ்பிரிங்கின் கடினமும் கூடவே மாற வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை. அதற்கு லீஃப் ஸ்பிரிங்கை முற்றிலும் எடுத்துவிட்டு, எடையைப் பெல்லோவிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டியிருந்தது.

பயனுள்ள பரப்பு 130 சதுர சென்டிமீட்டரும் கொள்ளளவு சுமார் 2.2 லிட்டரும் உள்ள, உறை உருளும் வகைப் பெல்லோவைத் தேர்ந்தோம். முழுப் பாரத்தில் 4.9 பார் அழுத்தம், காலியில் 1.9 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தத்தின் அளவு). விநாடிக்கான அசைவு முழுப் பாரத்தில் 1.5, காலியில் 1.7 என்று கணக்கு வந்தது, 2.5 என்பது 1.7 ஆனதுதான் இந்த வேலை முழுவதற்குமான நியாயம். இடவசதிக்காகப் பெல்லோவை, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு அச்சை இணைக்கும் கீழ்த் தண்டின் நடுவில் வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அங்கே பெல்லோ அச்சைப் போல 0.6 பங்கு மட்டுமே நகரும் என்பதால் 8.2 பார் தேவைப்பட்டிருக்கும்; பெல்லோவின் எல்லையோ 7 பார். ஆகவே அதை அச்சின் மேலேயே, சேசிஸுக்கு நேர் கீழே வைத்து, சைலன்சர் குழாயை அதற்காக விலக்கினோம்.

தண்டுகளின் அமைப்பு

லீஃப் ஸ்பிரிங் பாரம் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை முன்பின் நகராமலும் பக்கவாட்டில் ஒதுங்காமலும் பிடிப்பது அதுவே. பிரேக் போடும்போதும் முடுக்கும்போதும் அச்சு தன்னைத்தானே சுழற்ற முயல்வதைத் தடுப்பதும், வளைவில் வண்டி சாய்வதை எதிர்ப்பதும் அதுவே. பெல்லோவுக்கு இவற்றில் முதல் வேலை மட்டுமே தெரியும். மற்றவற்றைத் தண்டுகள் ஏற்க வேண்டும். இந்தப் பட்டியலைத் தாளில் எழுதி வைத்திருந்தும் அதன் கடைசி வரியில் நான் கோட்டை விட்டதைப் பின்னர் சொல்கிறேன்.

கீழே இரு பக்கமும் நேராகச் செல்லும் 700 மி.மீ. நீளத் தண்டுகள், மேலே, சேசிஸிலிருந்து கிரவுன் ஹவுசிங்கின் (பின்னச்சின் கியர்கள் அடங்கிய கூட்டின்) தலையை நோக்கிக் குவியும், பக்கவாட்டுப் பார்வையில் 500 மி.மீ. நீளமுள்ள இரண்டு தண்டுகள். மேல் தண்டுகள் குவிவதால் பக்கவாட்டு விசையையும் அவையே ஏற்கும். தனியாக ஒரு குறுக்குத் தண்டு வேண்டியதில்லை. குறுக்குத் தண்டு வைத்தால் அச்சு மேலும் கீழும் போகும்போது ஒரு வட்டவில்லில் பக்கவாட்டிலும் நகரும் என்பதும் இதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

அச்சில் கீழ்ப் புள்ளி தரையிலிருந்து 250 மி.மீ., மேல் புள்ளி 480 மி.மீ. உயரத்தில் அமைந்தன. இந்த 230 மி.மீ. இடைவெளி வெறும் இட அளவு அன்று. தரையில் 7 கிலோ நியூட்டன் பிரேக் விசை எழுந்தால், கீழ்த் தண்டுகள் இரண்டும் சேர்ந்து அதைப் போல 2.1 மடங்கு, ஏறக்குறைய 14.6 கிலோ நியூட்டன், தாங்க வேண்டும். மேல் தண்டுகள் எதிர்த்திசையில் 7.6 கிலோ நியூட்டன். மேல் புள்ளியை 400 மி.மீ.க்கு இறக்கியிருந்தால் கீழ்த் தண்டுகளின் பங்கு 2.7 மடங்காகியிருக்கும். தண்டுகளுக்கு 42 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. சுவரும் கொண்ட, தையலில்லாத எஃகுக் குழாயை எடுத்தோம். அழுத்தத்தில் வளைந்துபோகாமல் அது தேவையைப் போலப் பல மடங்கு தாங்கும் என்பதால் குழாய் ஒருபோதும் கவலை தரவில்லை. கவலை முழுவதும் பிராக்கெட்டின் வெல்டிங்கில்தான்.

சேசிஸ் பக்கத்தில் கீழ்ப் புள்ளி 270, மேல் புள்ளி 440 மி.மீ. உயரம். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் இரு தண்டுகளின் கோடுகளையும் முன்னோக்கி நீட்டினால், அச்சுக்கு 2.1 மீட்டர் முன்னால், 310 மி.மீ. உயரத்தில் அவை சந்தித்தன. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், 3 மீட்டர் முன்னுள்ள முன்னச்சின் மேல் அது 440 மி.மீ. உயரத்தில் செல்லும். எடைமையம் 700 மி.மீ. உயரம் எனக் கொண்டால், முடுக்கும்போது பின்புறம் அமிழ்வதில் 63 சதவீதத்தைத் தண்டுகளே தடுக்கும். எண் அழகாக இருந்ததால் அதில் நான் சற்று மயங்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டுமானம்

ஹவுசிங்கில் வெல்டிங் செய்யும்போது குழல் வளைந்தால் பேரிங்கும் ஆக்சில் ஷாஃப்டும் கெடும். அதனால் 30 மி.மீ.க்கு மேற்படாத துண்டுகளாக, வலமும் இடமும் மாறி மாறி வெல்டிங் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் டயல் கேஜில் வளைவை அளந்து பார்த்தோம். இரண்டு நாள் பிடித்தது. அச்சு கீழே தொங்கும்போது பெல்லோ இழுபடாமலிருக்க துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரின் நீளமே எல்லையாக வைக்கப்பட்டது. பட்டைகளின் உரசல் இனி இல்லாததால், அந்த உரசல் செய்துவந்த அடக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும் கடினமான ஷாக் அப்சார்பர் தேவைப்பட்டது. 12 வோல்ட் கம்ப்ரசர், 10 லிட்டர் டேங்க், பாரத்துக்கு ஏற்பக் காற்றை விட்டு வண்டியின் உயரத்தை மாறாமல் வைக்கும், பேருந்துகளில் பயன்படும் ஒரு லெவலிங் வால்வு ஆகியவற்றால் காற்று அமைப்பு உருவானது. லீஃப் ஸ்பிரிங்கின் பழைய தாங்கிகளைச் சேசிஸிலிருந்து வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

முதல் ஓட்டம்

முட்டைக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினோம். நேர்ப்பாதையில் வண்டி எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சென்றது. குளக்கரையை ஒட்டிய நீண்ட வளைவில் திரும்பியதும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்தபடியே ரப்பர் தடுப்பில் போய் உட்கார்ந்தது, வளைவு முடிந்த பிறகும் சில நொடிகள் நிமிரவில்லை. மூட்டைகள் கட்டப்பட்டிருந்ததால் விபரீதம் ஏதும் நேரவில்லை.

ஒரே லெவலிங் வால்விலிருந்து வந்த குழாய், டி இணைப்பில் பிரிந்து இரு பெல்லோக்களுக்கும் போனது. வளைவில் வெளிப்பெல்லோ அழுந்தியதும் அதிலிருந்த காற்று அந்த இணைப்பு வழியாக உள்பெல்லோவுக்குப் போய், சாய்வைத் தடுப்பதற்கு மாறாக அதை வளர்த்துவிட்டது. அது நான் வரைந்த குழாய்ப் படம். பட்டறை அதை அப்படியே செய்திருந்தது.

குழாயைப் பிரித்தால் போதும் என்ற கருத்து எழுந்தது. இந்த முறை கணக்குப் போட்ட பிறகே பதில் சொன்னேன். லீஃப் ஸ்பிரிங்குகளுக்கிடையே ஒரு மீட்டர் தூரம் இருந்தது, பெல்லோக்களுக்கிடையே 850 மி.மீ. மட்டுமே. சாய்வை எதிர்க்கும் வலு இந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குழாயைப் பிரித்தாலும் முழுப் பாரத்தில் பழைய வலுவில் 70 சதவீதமும், காலியில் சுமார் 35 சதவீதமுமே கிடைக்கும். எனவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு லெவலிங் வால்வுகளும், அச்சிலிருந்து சேசிஸுக்கு, சாய்வை எதிர்க்கும் ஒரு ஸ்டெபிலைசர் பாரும் பொருத்தினோம். ஸ்பிரிங்கை எடுத்த அன்றே போட வேண்டிய கணக்கு அது.

பிரேக்

இரண்டாவது குறையைக் கண்டுபிடித்தது பட்டறையின் மூத்த மெக்கானிக். முழுப் பாரத்தில் பிரேக் போட்டுப் பார்த்தவர், பின் டயர்கள் வேலையே செய்யவில்லை என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். லைனிங் சரியாக இருந்தது, கசிவும் இல்லை.

இவ்வகை வண்டிகள் பலவற்றில், சேசிஸுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. பாரம் ஏறினால் வண்டி தாழும், தாழ்ந்தால் வால்வின் நெம்புகோல் நகர்ந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். எங்கள் வண்டியிலோ எவ்வளவு ஏற்றினாலும் லெவலிங் வால்வு உயரத்தை மாறாமல் வைத்துக்கொண்டது. ஆகவே பிரேக் வால்வின் பார்வையில் வண்டி எப்போதும் காலி. காற்று சஸ்பென்ஷனின் சிறப்பு என்று நாங்கள் கருதிய அதே குணம் பிரேக்கின் கண்ணைக் கட்டிவிட்டது.

நெம்புகோலை முழுப் பார நிலையில் கட்டிவைத்தால் காலி வண்டியில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வால் சுழலும். காலி நிலையில் விட்டால் பாரத்தோடு நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும். நனைந்த மண்ணில் காலி வண்டியை ஓட்டி, முன் சக்கரங்களே முதலில் பூட்டும் எல்லைவரை மட்டும் நெம்புகோலை நகர்த்தி அங்கே நிலையாக வைத்தோம். முழுப் பாரத்தில் நிற்கும் தூரம் பழைய வண்டியைவிடக் கூடுதல்தான். அதனால் வளாகத்துக்குள் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர் என்று எழுத்தில் வைக்கப்பட்டது. இது தீர்வு அன்று, சமரசம். பொதுச் சாலையில் இத்தகைய சமரசத்துக்கு இடமே இல்லை.

தூக்கிய நிலையில் நேர்ந்தது

மழைக்காலத்தில் பாதையின் குறுக்கே ஒரு வாய்க்கால் ஓடும். அதைக் கடக்க வண்டியின் பின்புறத்தை 60 மி.மீ. உயர்த்தும் பொத்தான் ஒன்றை உரிமையாளர் கேட்டுப் போட்டிருந்தோம். முட்டை ஏற்றத் தொடங்கி இரண்டாவது வாரம் ஓட்டுநர் வந்து, “பின்னாடி வால் ஆட்டுதுங்க, நேரா நிக்க மாட்டேங்குது” என்றார். தண்டு முனைகளின் புஷ், நட்டு, டயர்க் காற்று எல்லாம் சரியாக இருந்தன. காலியாகத் திரும்பும் நடைகளில் மட்டும் அப்படி ஆவதாகவும், பெரும்பாலும் வாய்க்காலைத் தாண்டிய பிறகு என்றும் விசாரித்ததில் தெரிந்தது. வாய்க்காலுக்காக உயர்த்தியதை அவர் இறக்காமலே ஓட்டியிருக்கிறார். வேக வரம்பையும் அவர் மீறியிருந்தார். ஆனால் பழி அவர் மேல் மட்டும் அன்று.

கீழ்த் தண்டு வழக்கமான நிலையில் முன்னோக்கி 1.6 பாகை ஏறியிருந்தது, 60 மி.மீ. உயர்த்தியதும் அது 6.5 பாகையானது. அவ்வளவு சாய்ந்த தண்டில், வளைவில் மேலெழும் வெளிச்சக்கரம் பின்னோக்கியும் கீழிறங்கும் உள்சக்கரம் முன்னோக்கியும் நகர்கின்றன. அதாவது, ஓட்டுநர் கேட்காமலே பின்னச்சு வளைவுக்கு வெளிப்புறமாகத் திரும்பிக்கொள்கிறது. வண்டி நினைத்ததைவிட அதிகம் வளைகிறது, அதைத் திருத்தினால் மறுபக்கம் வளைகிறது. எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இணைப்புக் கோணத்தை உயர்த்திய நிலையிலும் சரிபார்த்திருந்தேன். அங்கே மாறுதல் 1.4 பாகைதான். கீழ்த் தண்டின் சாய்வை மட்டும் வழக்கமான உயரத்தில் பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

சேசிஸ் பக்கக் கீழ்ப் பிராக்கெட்டை 20 மி.மீ. இறக்கி, வழக்கமான உயரத்தில் கீழ்த் தண்டு மட்டமாக நிற்கும்படி செய்தோம். உயர்த்தும் அளவை 30 மி.மீ. ஆகக் குறைத்து, உயர்த்திய நிலையில் ஓயாது ஒலிக்கும் ஒரு பஸ்ஸரையும் வைத்தோம். உயர்த்திய நிலையிலும் சாய்வு இப்போது 2.5 பாகையைத் தாண்டாது. அமிழ்வைத் தடுக்கும் அளவு 63 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைந்தது. பந்தயத்துக்குப் போகாத முட்டை வண்டிக்கு அது ஓர் இழப்பே அன்று.

நான்காம் மாதச் சோதனை

விரிசலைக் காட்டும் சாயம் தடவிப் பார்த்தபோது, ஹவுசிங்கின் மேல் பிராக்கெட் ஒன்றில் வெல்டிங் ஓரமாக 8 மி.மீ. விரிசல் தெரிந்தது. மேல் தண்டுகளில் பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தோம். ஒரு சக்கரம் குழியிலும் மற்றது மேட்டிலும் இருக்கும்போது குவிந்த தண்டுகளின் முனைகள் முறுக வேண்டும். அந்தப் புஷ் முறுக மறுத்ததால் முறுக்கம் முழுதும் பிராக்கெட்டுக்குப் போயிருக்கிறது. விரிசலைக் குடைந்தெடுத்து மறுபடி வெல்டிங் செய்து, பக்கவாட்டில் முட்டுத் தகடு சேர்த்து, நான்கு மேல் முனைகளுக்கும் மென்மையான ரப்பர் புஷ் மாற்றினோம்.

விளைவு

முதல் கொட்டகை முட்டைகளுக்கும் கடைசிக் கொட்டகை முட்டைகளுக்கும் இடையில் இருந்த வேறுபாடு, விளக்கொளிச் சோதனையில் இப்போது பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. விரிசல் முற்றிலும் நிற்கவில்லை. கொட்டகைக்குள் கையாளும்போது ஏற்படும் விரிசலை வண்டியால் தடுக்க முடியாது. லெவலிங் வால்வின் நெம்புகோல் மூட்டுகளில் மண் சேர்வதால் மாதம் ஒருமுறை கழுவி எண்ணெயிட வேண்டியிருக்கிறது. லீஃப் ஸ்பிரிங் கேட்காத பராமரிப்பு இது என்று பண்ணையில் குறை உண்டு, அது நியாயமான குறை.

மீண்டும் செய்தால்

முதலில் பிரேக் வால்வைத் தேடுவேன். உயரத்தை வைத்து வேலை செய்யும் வேறு எந்த உறுப்பு வண்டியில் உண்டு என்பதைப் பட்டியலிட்ட பின்னரே ஸ்பிரிங்கில் கை வைப்பேன். சாய்வை எதிர்க்கும் வலு, கீழ்த் தண்டின் சாய்வு, ஷாஃப்டின் கோணம் ஆகிய மூன்றையும் தாழ்ந்த நிலை, வழக்கமான நிலை, உயர்த்திய நிலை என்று மூன்று உயரங்களிலும், காலியிலும் பாரத்திலும், ஒரே தாளில் எழுதி வைப்பேன். உயர்த்தும் பொத்தானைக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். வாய்க்காலில் ஒரு குழாய்ப் பாலம் போடச் சொல்வேன். அதற்கு இந்தப் பொத்தானையும் அதன் திருத்தங்களையும்விடக் குறைவான செலவே ஆகியிருக்கும்.

இன்னொரு கேள்வி தீராமல் இருக்கிறது. கொட்டகைகளின் வரிசையை மாற்றி, மிக அதிக முட்டை தரும் கொட்டகையில் முதலில் ஏற்றியிருந்தால், வண்டி தொடக்கத்திலேயே பாரமாகி, அதைத் தொடாமலே பாதிப் பயனாவது கிடைத்திருக்கும். அதை நான் வேலை முடிந்த பிறகுதான் யோசித்தேன். இப்போது அந்த வரிசையில்தான் ஏற்றுகிறார்கள். கழற்றிய லீஃப் ஸ்பிரிங் ஜோடி எண்ணெய் பூசிய சாக்கில் சுற்றப்பட்டுப் பண்ணையின் கிடங்கில் இருக்கிறது. அதன் தாங்கிகள் சேசிஸில் இன்னும் அப்படியே உள்ளன.